சோபா ஏன் ‘உட்கார்ந்து’ விடுகிறது?

வங்கியிலோ, மருத்துவமனையிலோ, கல்யாண மண்டபத்திலோ உங்கள் முறைக்காகக் காத்திருந்திருப்பீர்கள். மூன்று பேர் உட்காரும் நீளமான சோபா போட்டிருப்பார்கள். நடு இடம் மட்டும் காலியாக இருக்கும். ‘ஆகா, இடம் கிடைத்தது’ என்று போய் உட்கார்ந்தால் பள்ளத்தில் விழுந்ததுபோல் இருக்கும். முழங்கால் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். அந்த இடம் ஏன் காலியாக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

எங்கள் கல்லூரி அலுவலகத்திலும் பெற்றோர் காத்திருக்கும் அறைக்கென ஐந்து சோபாக்கள் வாங்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. இரண்டாம் ஆண்டிலேயே ஒன்றின் முன்சட்டம் ‘படீர்’ என்று முறிந்தது. ஒரு மாணவியின் தாயார் அதோடு தரையில் சரிந்தார். நல்லவேளையாக அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அந்த அம்மாள் பட்ட கூச்சம் கொஞ்சமல்ல. தம் உடல் எடைதான் காரணம் என்று எண்ணிக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். தவறு அவருடையதல்ல, சோபாவினுடையது என்பதை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உடைந்த சோபாவை இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிவரச் சொல்லி, மாணவர்களும் நானும் துணியைக் கிழித்து உள்ளே பார்த்தோம்.

உள்ளே இருந்தவை இவை: பேக்கிங் பெட்டியை உடைத்து எடுத்த பலகைச் சட்டங்கள். முன்சட்டம் படுக்கைவாட்டில் வைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில் ஒரு முடிச்சு. மூலைகளில் பசை இல்லை, திருகாணி இல்லை; வெறும் ஸ்டேபிள் பின்கள். ஸ்பாஞ்ச் ஏறத்தாழப் பாதி உயரத்துக்கு அமுங்கிப் போயிருந்தது. தலை சாயும் இடத்தில் ரெக்சின் அப்பளம்போல் நொறுங்கியது. மாணவர்களே, இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இயற்பியல் இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பும் இருக்கிறது.

முதலில் ஒரு சிறு கணக்கு. வீட்டு சோபாவில் ஓர் இருக்கையில் நாளொன்றுக்கு ஆறு முறை உட்காருகிறோம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 2,200 முறை. காத்திருக்கும் அறையிலோ எட்டு மணி நேரமும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஒருவருக்குக் கால் மணி நேரம் என்றால் நாளுக்கு 32 பேர். 300 வேலை நாட்களில் 9,600 பேர். வீட்டு சோபா நான்கு ஆண்டுகளுக்கு மேல் படும் பாட்டை இது ஒரே ஆண்டில் படுகிறது. வீட்டில் ‘மெதுவாக உட்கார்’ என்று அதட்ட அம்மா இருக்கிறார். பொது இடத்தில் அதட்ட யாரும் இல்லை.

மெதுவாக உட்காருவதற்கும் தொப்பென்று விழுவதற்கும் எவ்வளவு வேறுபாடு? மேல்நிலை வகுப்பு மாணவர்கள் தாமே கணக்கிடலாம். ஒருவருடைய எடை நிதானமாக இறங்கும்போது இருக்கை 4 செ.மீ. அமுங்குகிறது என்போம். இதை d என்று குறிப்போம். அதே மனிதர் h உயரத்திலிருந்து விழுந்தால், அவர் இழக்கும் நிலையாற்றல் முழுவதும் இருக்கையில் மீட்சி ஆற்றலாகச் சேர வேண்டும். இரண்டையும் சமன் செய்தால், இருக்கை தாங்க வேண்டிய விசை எடையைப்போல் 1 + √(1 + 2h/d) மடங்கு என்று வரும். h = 6 செ.மீ., d = 4 செ.மீ. என்று போடுங்கள். விடை சரியாக 3. அறுபது கிலோ மனிதர் அந்தக் கணத்தில் 180 கிலோ மனிதராகிவிடுகிறார்!

இப்போது அதே மனிதர் அதே உயரத்திலிருந்து, வெறும் 0.4 செ.மீ. மட்டுமே அமுங்கும் கட்டையான இருக்கையில் விழட்டும். மடங்கு ஆறரையைத் தாண்டும். ஏறத்தாழ 390 கிலோ. (நம் உடலின் தசையும் ஓரளவு அமுங்குவதால் உண்மையில் இவ்வளவு இராது. இது உச்ச வரம்பு.) h சுழியாக இருந்தால், அதாவது உயரத்திலிருந்து விழாமல், இருக்கையைத் தொட்ட நிலையில் உடலைச் சட்டென்று தளர்த்தினால்கூட இரண்டு மடங்கு உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஸ்பாஞ்சும் ஸ்பிரிங்கும் நம் சுகத்துக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. அவை சட்டத்தின் காவலர்கள். ஸ்பாஞ்ச் அமுங்கிப் போனால் d குறைகிறது. D குறைந்தால் சட்டத்தின் மேல் விழும் அடி பெருகுகிறது. எங்கள் சோபாவில் முறிந்தது மரம்தான். ஆனால் முதலில் செத்தது ஸ்பாஞ்ச்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் முப்பது சென்டிமீட்டர் மர அளவுகோலின் இரு முனைகளையும் இரண்டு புத்தகங்களின் மேல் வைத்து நடுவில் விரலால் அழுத்துங்கள். எளிதாக வளையும். இப்போது அதையே விளிம்பு கீழாக, செங்குத்தாக நிறுத்திப் பிடித்து அழுத்துங்கள். வளைகிறதா? ஒரு சட்டத்தின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும், ஆழத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கிறது. 3 செ.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள அளவுகோல் செங்குத்தாக நிற்கும்போது நூறு மடங்கு விறைப்பாகிறது. இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சட்டமாக இருந்தால் நான்கு மடங்கு. மரம் அதேதான், விலையும் அதேதான், வைக்கும் விதத்தில் மட்டுமே மாற்றம். எங்கள் சோபாவைச் செய்தவர் சட்டத்தைப் படுக்க வைத்தது ஏன் தெரியுமா? துணியை இழுத்து ஸ்டேபிள் அடிக்க அகலமான பரப்பு வசதியாக இருக்கும்!

நீளமும் இதே போலத்தான். சட்டத்தின் தொய்வு அதன் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் கூடும். ஆறடி சோபாவுக்கு நடுவில் ஒரு கால் கொடுத்தால் தாங்கல்களுக்கு இடையே உள்ள நீளம் பாதியாகிறது. தொய்வு எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. பொது இடத்துக்கு நீளமான சோபா வாங்குபவர்கள் குனிந்து அடியில் நடுக்கால் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் கவலை தீரும்.

இனி மூலைகள். சோபா பெரும்பாலும் சட்டத்தின் நடுவில் முறிவதில்லை. மூட்டுகளில்தான் ஆட்டம் காணுகிறது. ஒருவர் முதுகால் 300 நியூட்டன் விசையுடன் சாய்கிறார், அந்த விசை இருக்கை மட்டத்துக்கு 40 செ.மீ. மேலே செயல்படுகிறது என்று கொள்வோம். திருப்புத்திறன் 120 நியூட்டன்–மீட்டர். மூட்டின் ஆழம் 5 செ.மீ. மட்டுமே என்றால், இதை எதிர்க்க அங்கே 2,400 நியூட்டன் விசை தேவை. சாயும் 300 நியூட்டன் எட்டு மடங்காகிவிட்டது! கிணற்றுப் பாறையைக் கடப்பாரையால் நெம்புவதும் இதுவும் ஒன்றே. மூலையில் முக்கோண வடிவ மரக்கட்டை ஒன்றைப் பசையும் திருகாணியும் இட்டுப் பொருத்தினால் மூட்டின் ஆழம் 15 செ.மீ. ஆகும்; விசை 800 நியூட்டனாகக் குறையும். துளையும் கழுந்துமாகச் செதுக்கிப் பசையிட்டுச் சேர்க்கும் நம் தச்சர்களின் பழைய முறை இன்னும் நல்லது. பசை பிடிக்கும் பரப்பு அதில் அதிகம். ஸ்டேபிள் பின் துணியைப் பிடிக்கத்தான் பிறந்தது. மனிதரைத் தாங்க அல்ல.

என்ன மரம்? ‘தேக்கு’ என்றால்தான் பலருக்குத் திருப்தி. தேக்கு ஈரத்தில் அதிகம் விரிந்து சுருங்காது, கறையான் எளிதில் அண்டாது, சந்தேகமில்லை. ஆனால் துணிக்குள் மறையப்போகும் சட்டத்துக்குத் தேக்கு வாங்குவதை வீண் செலவு என்றே நான் சொல்லுவேன். மரத்தின் பெயரைவிட அதில் உள்ள ஈரத்தின் அளவுதான் முக்கியம். மரம் உலரும்போது நார் ஓடும் திசையில் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. குறுக்கு வாட்டிலோ நன்றாகவே சுருங்குகிறது. ஈரமரத்தில் சோபா செய்தால், கடையில் இறுக்கமாக இருந்த மூட்டு கோடைக்குப் பிறகு தளர்ந்து ஆடும். ஈரத்தைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே அளக்கலாம். ஒரு சிறு துண்டை நிறுத்து, 103° செல்சியஸ் வெப்ப அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி மீண்டும் நிறுங்கள். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம் கிடைக்கும். சுமார் 12 சதவீதம் என்றால் நல்ல மரம்.

கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பால் வற்றிய ரப்பர் மரங்களை 25, 30 ஆண்டுகளுக்குப் பின் வெட்டுகிறார்கள். ஒரு காலத்தில் விறகாகப் போன இந்த மரம், போரான் உப்புக் கரைசல் ஏற்றி உலர்த்தப்பட்டால் சோபாச் சட்டத்துக்கு நன்றாகவே பயன்படுகிறது. கரைசல் ஏற்றாத ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வண்டுகளுக்கு விருந்துதான். பிளைவுட்டும் நல்ல தேர்வே. அடுத்தடுத்த தாள்களின் நார்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் ஒன்றின் சுருக்கத்தை மற்றொன்று தடுக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையை மட்டும் பொது இடச் சோபாவில் சேர்க்காதீர்கள். திருகாணியைப் பிடித்துக்கொள்ள அதில் நார் இல்லை. தினமும் தரை துடைக்கும் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும்.

இரும்புக் குழாய்ச் சட்டமும் உண்டு. எஃகுக்கு ஒரு சிறப்பு. ஜெர்மனியில் அகஸ்ட் வோலர் என்ற பொறியியலாளர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளை ஆராய்ந்தார். ஒரே முறை ஏற்றினால் தாங்கக்கூடிய சுமையைவிடக் குறைவான சுமையே, லட்சக்கணக்கான முறை மாறி மாறி வந்தால் அச்சை முறித்துவிடுகிறது என்று கண்டார். இதுவே உலோகக் களைப்பு. ஆனால் எஃகில் தகைவு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் களைப்பு வருவதில்லை. அலுமினியத்துக்கு இப்படித் திட்டமான எல்லை கிடையாது. எஃகுச் சட்டம் பெரும்பாலும் பற்றவைப்பின் ஓரத்தில்தான் விரிசல் விடும். அங்கே தடவிப் பாருங்கள். கடலோர ஊர்களில் துருவும் எதிரி. குழாய்க் காலின் அடியில் ரப்பர் மூடி இல்லையென்றால் உள்ளிருந்தே அரிக்கும்.

இனி ஸ்பாஞ்ச். நம் ஊரில் மெத்தை ஸ்பாஞ்சை இன்றும் சிலர் ‘டன்லப்’ என்கிறார்கள். 1929இல் இங்கிலாந்தின் டன்லப் ஆய்வுக்கூடத்தில் ரப்பர் பாலை நுரைக்க அடித்து உறையச் செய்த பண்டத்தின் நினைவு அது. இன்று சோபாக்களில் இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன். இந்தப் பாலிமர் குடும்பம் 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினரின் ஆராய்ச்சியில் பிறந்தது.

கடையில் எல்லோரும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, ‘நல்ல கெட்டி’ என்று சொல்லி வாங்குகிறார்கள். கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. எத்தனை நாள் உழைக்கும் என்பதைக் கெட்டித்தன்மை சொல்லாது. பெருமளவு அடர்த்தியே சொல்லும். பாலியூரித்தேன் திடப்பொருளின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1,200 கிலோ. ஸ்பாஞ்சின் அடர்த்தி 32 கிலோ என்றால், அதில் திடப்பொருள் மூன்று சதவீதம்கூட இல்லை, மற்றதெல்லாம் காற்று! நுண்ணறைகளின் மெல்லிய தூண்கள்தான் உங்களைத் தாங்குகின்றன. அடர்த்தி குறைந்தால் தூண்கள் மெலிகின்றன. ஒவ்வொரு முறை வளையும்போதும் சில முறிகின்றன. அப்படித்தான் சோபா ‘உட்கார்ந்து’ விடுகிறது.

அளப்பது எளிது. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுரத் துண்டு ஒன்றை வெட்டித் தராசில் வையுங்கள். எத்தனை கிராம் இருக்கிறதோ, அத்தனை கிலோ ஒரு கன மீட்டருக்கு. 32 கிராம் என்றால் 32. பொது இடத்து இருக்கைக்கு 40 அல்லது அதற்கு மேல் வேண்டும்; சாயும் பகுதிக்கு 28, 30 போதும். எங்கள் சோபாவின் இருக்கையில் இருந்தது 18. ஆனால் தராசையும் ஏமாற்ற வழி உண்டு. சுண்ணாம்புப் பொடியைக் கலந்து எடையைக் கூட்டிவிடலாம். தூண்களுக்கு அதனால் வலு வராது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. துண்டைப் பாதித் தடிமனுக்கு நெருக்கி, 70° செல்சியஸில் 22 மணி நேரம் வைத்து, விடுவித்து, பழைய தடிமனில் எவ்வளவு திரும்பவில்லை என்று பார்க்க வேண்டும். இரண்டு பலகைகளும் நான்கு போல்ட்டுகளும் போதும். திரும்பாத அளவு மிகுதியாக இருந்தால், எடை என்ன சொன்னாலும் அந்த ஸ்பாஞ்சை நம்ப வேண்டாம்.

கடைசியாக மேலுறை. துணி எவ்வளவு உரசலைத் தாங்கும் என்பதை ‘மார்ட்டின்டேல்’ கருவியால் அளக்கிறார்கள். துணித் துண்டைக் கம்பளித் துணியின் மேல் அழுத்தித் தேய்க்கும் கருவி இது. எல்லாத் திசையிலும் உரசல் விழவேண்டும் அல்லவா? அதற்காகத் தேய்க்கும் பாதை ஒரு லிஸாஜு உருவமாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தனிச்சீரிசை இயக்கங்கள் சேர்ந்தால் வரும் என்று கரும்பலகையில் வரைகிறோமே, அதேதான்! இரண்டு நூல்கள் அறும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுவார்கள். வீட்டுக்கு 15,000 முதல் 25,000 போதும். ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்துக்கு 40,000 வேண்டும். ஒரு லட்சம் என்று எழுதியிருந்தால் மயங்காதீர்கள். அதற்கு முன்பே அழுக்கோ, வெயிலோ, ஒரு குறும்புப் பையனின் பிளேடோ துணியின் கதையை முடித்துவிடும்.

ரெக்சின் என்பதும் ஒரு வணிகப் பெயர்தான். மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் நைட்ரோ செல்லுலோஸ் பூசிய துணியை இந்தப் பெயரில் செய்தார்கள். இப்போது நாம் ரெக்சின் என்பது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணி. தனி பி.வி.சி. கட்டையாக இருக்கும், அதில் எண்ணெய் போன்ற இளக்கியைக் கலந்து மென்மையாக்கும் வழியை அமெரிக்காவில் வால்டோ செமன் 1926இல் கண்டார். இந்த இளக்கி பாலிமரோடு வேதிப் பிணைப்பில் இல்லை. இடையிடையே தங்கியிருக்கிறது, அவ்வளவே. வெயிலில் மெல்ல வெளியேறும். எண்ணெய் பட்டால் அதில் கரைந்தும் போகும். நம்மவர் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கிறதே! தலை சாயும் இடம் மட்டும் அப்பளமானது இதனால்தான். தோல்போலவே தோன்றும் பாலியூரித்தேன் பூச்சுத் துணி இன்னும் அழகு. ஆனால் அதில் எஸ்டர் வகை, காற்றின் ஈரத்தாலேயே நீராற்பகுப்புக்கு உள்ளாகிச் செதில் செதிலாக உரியும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற ஊர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிருமிநாசினி கொண்டு துடைக்க வேண்டிய மருத்துவமனைக்கு பி.வி.சி.; நூலகம் போன்ற இடங்களுக்குக் காற்று புகும் பாலியெஸ்டர் துணி. இதுவே என் கணிப்பு.

இதுவரை சொன்னது பணத்தோடு போகும் நட்டம். உயிரோடு விளையாடும் ஒன்று இருக்கிறது. 1979 மே 8 அன்று மான்செஸ்டர் நகரில் உல்வொர்த் பல்பொருள் அங்காடியில் தீப்பிடித்தது. விற்பனைக்கு அடுக்கியிருந்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் இருக்கைகள் எரிந்தன. பத்துப் பேர் மாண்டார்கள். ஸ்பாஞ்ச் ஏன் இவ்வளவு வேகமாக எரிகிறது? அதன் நுண்ணறைகளிலேயே காற்று இருக்கிறது. பரப்பு மிகப் பெரிது. எடை குறைவாதலால் சூடாகச் சிறிது வெப்பமே போதும். எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. பாலிமரில் நைட்ரஜன் இருப்பதால் ஹைட்ரஜன் சயனைடும் வருகிறது. சுடர் எட்டுமுன் புகை கொன்றுவிடும். பிரிட்டனில் 1988இல் வந்த விதிகளின்படி, மெத்தை இருக்கைகளின் பொருள்கள் சிகரெட், தீக்குச்சிச் சோதனைகளில் தேறியாக வேண்டும். இதற்காக ஸ்பாஞ்சில் கலந்த வேதிப்பொருள்களில் சில உடலுக்கும் சூழலுக்கும் கேடு என்று பின்னர் தெரிந்தது. அவற்றுள் பென்டா புரோமோ டைஃபினைல் ஈதர் 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. எனவே ஸ்பாஞ்சுக்கும் மேலுறைக்கும் நடுவே எளிதில் தீப்பற்றாத தடுப்புத் துணி ஒன்றைக் கொடுப்பது மேலான வழி. சோபாவை மின் பிளக்கை ஒட்டியோ, மண்டபத்தில் குத்துவிளக்குக்குப் பக்கத்திலோ போடாதிருப்பதற்குச் செலவே இல்லை. ஸ்பாஞ்ச் துண்டைக் கொளுத்திப் பார்க்கும் ஆசை மட்டும் யாருக்கும் வேண்டாம். அந்தப் புகை விளையாட்டல்ல.

எங்கள் அறைக்கு மீண்டும் சோபா வாங்கும் நேரம் வந்தபோது அரைப் பக்கத்தில் தேவைகளை எழுதிக் கொடுத்தோம். செங்குத்தாக வைத்த சட்டம், நடுக்கால், மூலைக்கட்டை, 40 அடர்த்தி, ஜிப் வைத்துக் கழற்றக்கூடிய உறை. இருக்கைகள் மூன்றும் தனித்தனி மெத்தையாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். ஓரமும் நடுவும் மாற்றிப் போடலாம், கெட்டதை மட்டும் மாற்றலாம். கடைக்காரர் சிரித்தார். மாணவர்கள் தராசோடு போய் நின்றதும் சிரிப்பு நின்றது. விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆயிற்று. இப்போது மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் முதலாண்டு மாணவர்கள் மெத்தையின் தடிமனை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். 10 செ.மீ. மெத்தை கடைசி அளவீட்டில் 9.6 செ.மீ. இருந்தது. நடு இருக்கைதான் அதிகம் இறங்கியிருந்தது. ஓரத்து மெத்தையை நடுவுக்கு மாற்றிவிட்டார்கள்.